சேற்றை விட்டுவையுங்கள்: காசல்ரி, மவுசாகலைக் கரைகள் பற்றி ஒரு திறந்த மடல்

நோர்வூட், மஸ்கெலியா பிரதேச சபைகளின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மலையகத்தின் காசல்ரி, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் கரையை அழகுபடுத்தவேண்டும் என்ற பேச்சு நம் பகுதியில் அடிக்கடி எழுகிறது. நடைபாதை, இருக்கை, மின்விளக்கு, படகுத்துறை, பக்கத்தில் ஒரு சிறுவர் பூங்கா என்று நீளும். பெரும்பாலும் தேர்தலோடு எழுந்து மழையோடு அடங்கிவிடும். ஆனால் ஒரு நாள் அது அடங்காமல், கையில் காசோடு வந்து நிற்கும். அந்த நாளுக்கு முன்பே இந்த மடல் உங்களிடம் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். தண்ணீர் ஏறி நிற்கும் உச்சக்கோட்டுக்கும், வறட்சியில் அது இறங்கி நிற்கும் அடிக்கோட்டுக்கும் நடுவே கிடக்கிறதே ஒரு சேற்றுப் பட்டை, அதில் கொங்கிரீட் போடாதீர்கள். மண் கொட்டி நிரப்பாதீர்கள். சுவர் எழுப்பாதீர்கள். பூங்கா வேண்டுமென்றால் றோட்டோரம், மேட்டில் கட்டுங்கள். திறப்பு விழாவுக்கு நானும் வருகிறேன்.

நான் அதிகாரியும் இல்லை, ஆய்வாளனும் இல்லை. காலையில் பைனாகுலரோடு கரைக்குப் போகிறவன். "கொக்கு பாக்கவா இந்தக் குளிருல எந்திரிச்சுப் போறீங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கொக்கையும்தான் பார்க்கிறேன். ஆனால் கொக்கு எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது, ஆடியில் நிற்காத இடத்தில் மாசியில் ஏன் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் கடைசியில் தண்ணீரின் கணக்குக்குத்தான் வந்து சேரவேண்டியிருக்கிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த நீர்த்தேக்கங்கள் இயற்கையாக உண்டானவை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மலையில் விழும் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை எழுதி வாதாடினார். 1950இல் லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. கெசல்கமுவ ஓயாவை மறித்த காசல்ரி 1965இலும், மஸ்கெலி ஓயாவை மறித்த மவுசாகலை 1969இலும் வந்தன. இரண்டும் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே, மின்சாரத்துக்காகவே கட்டப்பட்டவை. இங்கிருந்து இறங்கும் தண்ணீர் களனி கங்கையாகிக் கொழும்பு நகரத்தின் குடிநீராகவும் ஆகிறது. ஆகவே இங்கே தண்ணீர் ஏறுவதை வானமும், இறங்குவதை கீழேயிருக்கும் நாட்டின் தேவையும் தீர்மானிக்கின்றன. பறவைகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிழைப்பை வைத்திருக்கின்றன.

வைகாசி கடைசியில் தென்மேற்குக் காற்று பிடித்ததும் இரண்டு ஓயாக்களும் செந்நீராக வருகின்றன. ஆனி, ஆடியில் மழை விடாமல் அடித்தால் காசல்ரி வான் பாயும். கீழே நோர்ட்டன் பிரிட்ஜிலும் லக்ஷபானவிலும் வான்கதவுகள் திறந்ததாகச் செய்தி சொல்வார்கள். இந்த மாதங்களில் கரை என்று ஒன்றே கிடையாது. மானாப்புல்லின் வேரையும் தேயிலையின் அடிவரிசையையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் நிற்கும். பறவை பார்க்கிறவனுக்கு மெலிந்த காலம் அது. பட்ட மரத்தில் ஒன்றிரண்டு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும், காயாத அந்த ஈரக்காற்றில். முக்குளிப்பான் நடுத்தண்ணீரில் தலையைக் காட்டிவிட்டு மறையும். ஓரப் புதரில் கானாங்கோழி தன் கன்னங்கரிய குஞ்சுகளை இழுத்துக்கொண்டு ஓடும். மூடுபனியில் இதுவும் பாதி நாள் தெரியாது. அட்டை மட்டும் தவறாமல் வரும்.

புரட்டாசியில் ஆட்கள் மாறுகிறார்கள். நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது சாம்பல் வாலாட்டி வந்து இறங்கியிருக்கும். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்திலும், தண்ணீர் வடியும் கான் ஓரங்களிலும் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் அந்தக் குருவியைக் கொழுந்து மலையில் நிற்கும் பெண்கள் எனக்கு முன்னாலேயே பார்த்துவிடுகிறார்கள். அடுத்து பழுப்புக் கீச்சான் வந்து, தனக்கென்று ஒரு வேலியையோ மரத்தையோ பிடித்துக்கொண்டு, ஊரையே ஏசுகிற குரலில் கத்தும். நீலவால் பஞ்சுருட்டான்கள் தேயிலைக்கு மேலே பூச்சி துரத்தும். ஓடையோரப் பற்றைகளில் பொழுது சாயும்போது ஆறுமணிக்குருவி கூப்பிடும். இவையெல்லாம் இமயமலை அடிவாரத்திலிருந்தும் அதற்கும் வடக்கே சைபீரியா வரையுள்ள நிலங்களிலிருந்தும் வருகின்றவை. நமக்குத் தெற்கே, தேவேந்திரமுனையைத் தாண்டினால், அந்தாட்டிக்கா வரை கடல்தான். எனவே இவற்றுக்கு இந்தத் தீவோடு பாதை முடிகிறது. இங்கே சாப்பாடு கிடைக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்ற வசதி அவற்றுக்கு இல்லை.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையிலும் தண்ணீர் தாழ்வதில்லை. ஆகவே நீர்க்கரைப் பறவைகள் அப்போது சிதறியே இருக்கும். பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும், மின்நிலையங்கள் இழுக்க இழுக்க, நீர்மட்டம் இறங்குகிறது. தையிலிருந்து சித்திரை வரை, நம் ஊரார் "தண்ணி வத்திப்போய் அசிங்கமாக் கிடக்கு" என்று முகம் சுளிக்கும் அந்த மாதங்கள்தான், கரை நிரம்பும் மாதங்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் முழு வழக்கும் இதில்தான் இருக்கிறது.

சரிவான கரையில் தண்ணீர் ஒரு அடி இறங்கினால், பல அடி அகலத்துக்குப் புதுச் சேறு வெளியே வருகிறது. நேற்றுவரை தண்ணீருக்கடியில் இருந்த புழு, நத்தை, பூச்சியின் முட்டை, இளம்பூச்சி எல்லாம் இன்று ஈரச் சேற்றில் கிடக்கின்றன. நாளைக்கு அந்தச் சேறு காய்ந்துவிடும், ஆனால் அதற்குக் கீழே இன்னொரு பட்டை வெளிவரும். தினமும் புது இலை போட்ட பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பந்தியில் ஒவ்வொரு பறவைக்கும் ஒவ்வொரு வரிசை. காய்ந்த மேற்சேற்றில் ஆள்காட்டி ஓடும். ஈரம் மின்னும் விளிம்பில் உள்ளான், பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி, தண்ணீர்க்கோட்டை விட்டு ஒரு சாண் விலகாமல் நடக்கும். கணுக்கால் ஆழத்தில் சின்னக் கொக்கு. முழங்கால் ஆழத்தில் பெரிய கொக்கும் சாம்பல் நாரையும். அதற்கு அப்பால் முக்குளிப்பானும் நீர்க்காகமும். கால் நீளமும் அலகு நீளமும் வெவ்வேறாக இருப்பதால் ஒன்றின் சாப்பாட்டை மற்றது அவ்வளவாகத் தொடுவதில்லை. சில மீற்றர் அகலத்துக்குள் இத்தனை பேர் முட்டிமோதாமல் பிழைக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் சரிவு, அந்தச் சரிவு மட்டும்தான்.

இப்போது அந்த இடத்தில் ஒரு செங்குத்துச் சுவரை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் ஒரு அடி இறங்கினால் ஒரு அடி கொங்கிரீட் தெரியும், அவ்வளவே. சேறும் கிடையாது, ஆழமற்ற தண்ணீரும் கிடையாது. சுவரின் அடியிலேயே ஆழம் தொடங்கிவிடும். உள்ளான் போகும், கொக்கு போகும், நாரை போகும். நீர்க்காகம் மட்டும் மிஞ்சி, சுவரின் மேல் உட்கார்ந்து எச்சமிடும். அப்புறம் அந்த எச்சத்தைக் கழுவ சபைக்கு ஒரு செலவு வரும்.

ஓரிடத்தில் இது சின்ன அளவில் நடந்து பார்த்திருக்கிறேன். யார் செய்தது என்று எழுத இங்கே வரவில்லை. காசல்ரியின் ஒரு குடாவில் கட்டட இடிபாடும் மண்ணும் லொறி லொறியாகக் கொட்டி, வாகனம் நிறுத்தலாம் என்று மட்டப்படுத்தினார்கள். மழை வந்ததும் பாதி மண் தண்ணீரோடு போய்விட்டது. மிச்சம் கல்லும் ஓட்டுத்துண்டுமாகக் கிடக்கிறது. வாகனமும் நிற்பதில்லை, உள்ளானும் வருவதில்லை. அடித்துப்போன அந்த மண் எங்கே போயிருக்கும் என்று கேட்கவேண்டியதில்லை, நீர்த்தேக்கத்தின் அடியில்தான். தேயிலைச் சரிவுகளிலிருந்து வழியும் மண்ணே போதாதா?

மவுசாகலையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. நீர்மட்டம் நன்றாகத் தாழும்போது பழைய மஸ்கெலியா நகரம் வெளியே தெரிகிறது. கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்களைப் பார்க்கச் சனம் குவிகிறது. போகட்டும். அந்த ஊரில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு அங்கே போய் நிற்க உரிமை உண்டு. நடந்து போகிறவர்களால் பறவைக்குப் பெரிய தொல்லை இல்லை. எழுந்து பறந்து, சற்றுத் தள்ளி இறங்கிவிடும். முச்சக்கரவண்டியையும் மோட்டார் சைக்கிளையும் தண்ணீர் ஓரம்வரை இறக்கி வட்டமடிப்பதுதான் தொல்லை. ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் கல்லோடு கல்லாகத் தெரியும்படி முட்டையிடும். சக்கரத்துக்கு அது தெரியாது. வறட்சி மாதங்களில் றோட்டிலிருந்து கரைக்கு இறங்கும் தடங்களில் நாலு மரக்கட்டையை நட்டு வாகனத்தை மேலேயே மறித்தால் போதும். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

அடுத்தது சீசன். மார்கழிப் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைக்கு நாடு முழுவதிலிருந்தும் சனம் வருகிறது. ஹட்டனிலிருந்து நல்லதண்ணி போகும் பாதை நம் நீர்த்தேக்கங்களின் ஓரமாகத்தான் வளைந்து போகிறது. கவனித்தீர்களா, குளிர்கால விருந்தாளிப் பறவைகள் இங்கே தங்கும் காலமும் ஏறக்குறைய அதேதான். பஸ்ஸை ஓரங்கட்டி, கரையைப் பார்த்தபடி சோற்றுப் பார்சலைப் பிரிக்க ஆசைப்படாதவர் யார்? நானும் அப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறவன்தான். ஆனால் எறிந்துவிட்டுப்போகும் மிச்சச் சோற்றுக்குக் காகமும் நாயும் வருகின்றன. வந்த காகமும் நாயும் சோற்றோடு நிற்பதில்லை, முட்டையையும் குஞ்சையும் தேடுகின்றன. 2017இலேயே தடைசெய்யப்பட்ட பொலித்தீன் லஞ்ச் ஷீட் இன்றும் மானாப்புல்லில் சிக்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். குப்பைத்தொட்டி வைப்பதும் அதைத் தினமும் எடுப்பதும் சபையின் வேலை. வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் தொட்டி, தொட்டியே இல்லாததைவிட மோசம். நாய்க்கு அது ஒரே இடத்தில் விருந்து.

"நீர்த்தேக்கம் மின்சாரத்துறையின் கையில், மேலே இருக்கும் நிலம் தோட்டக் கம்பனியின் கையில், பறவை வனஜீவராசிகள் திணைக்களத்தின் கையில், எங்களிடம் ஏன் வருகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1937இன் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு சில இனங்களைத் தவிர இந்த நாட்டின் பறவைகள் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. ஆனால் பறவை நிற்கும் சேற்றுக்கு அதே கவனம் கிடைப்பதில்லை. ஈரநிலங்களைக் காப்பதற்கான ரம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் இலங்கையில் அறிவிக்கப்பட்ட ஆறு ஈரநிலங்களான புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து எல்லாமே தாழ்நிலத்தில் இருக்கின்றன. மலையகத்தில் ஒன்றுகூட இல்லை. நாளைக்கே ஒன்று வேண்டும் என்று கேட்கவில்லை. மேலிடத்தின் கண்படாத கரைக்குக் கீழிடம்தான் காவல் என்கிறேன். குப்பையும், கடைகளுக்கான அனுமதியும், கட்டட வரைபடமும் உங்கள் மேசைக்குத்தான் வருகின்றன. நாடாவை வெட்டுகிறவர்களும் நீங்கள்தான்.

வருமானத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது. தோட்டச் சம்பளத்தில் ஓடும் குடும்பங்களின் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் நிற்கப் போகிறார்கள். கரையில் ஒரு படகுச் சவாரி வந்தால் பத்துப் பேருக்காவது வேலை கிடைக்குமே என்ற வாதத்தை அலட்சியப்படுத்த எனக்கு மனமில்லை. நுவரெலியாவின் கிரகரி வாவியைக் காட்டுவீர்கள்: நடைபாதை, மிதிபடகு, குதிரைச் சவாரி, சித்திரை வசந்தகாலக் கூட்டம். அதே நுவரெலியாவிலிருந்து நான் வேறொன்றைக் காட்டுகிறேன். விக்டோரியா பூங்காவுக்குள் டிக்கெட் எடுத்துப் போகும் வெளிநாட்டார் சிலர் பூச்செடிகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நேராகப் போய், பூங்காவின் ஓரத்தில் ஓடும் அழுக்கு ஓடைக்குப் பக்கத்தில், மரநிழலில், மணிக்கணக்கில் நிற்பார்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்காக. காஷ்மீர்ப் பக்கம் முட்டையிட்டு, குளிர்காலத்தை இலங்கையின் மலைகளிலும் தென்னிந்திய மலைகளிலும் கழிக்கும், உலகத்தில் அருகிவரும் ஒரு குருவி. கூடவே இமயத்திலிருந்து வரும் ஒரு கறுப்பு வெள்ளைப் பூங்குயிலையும் தேடுவார்கள். இதற்காகவே நாட்டின் மறுமுனையிலிருந்து வண்டி பிடித்து, வழிகாட்டி வைத்து, இரவு தங்கி வருகிறார்கள். அந்த ஓடைக்கரையை யாராவது துப்புரவாகத் தேய்த்துச் சீமெந்து பூசினால் பூங்கா அழகாகிவிடும், அவர்கள் வருவது நின்றுவிடும்.

காசல்ரியைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்கள் சில இப்போது விலை உயர்ந்த தங்குவிடுதிகளாகிவிட்டன. அங்கே தங்குகிறவர்களில் பைனாகுலரோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டும் வழிகாட்டி ஏன் கொழும்பிலிருந்து வரவேண்டும்? தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, எந்தக் குடாவில் எப்போது தண்ணீர் இறங்கும், எந்தக் கல்லில் மீன்கொத்தி உட்காரும் என்று சிறுவயதிலிருந்தே தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ அந்த வேலையைச் செய்யலாம். பறவைப் பெயர்களும் கொஞ்சம் ஆங்கிலமும் பழக ஒரு பயிற்சி, சபை ஒழுங்கு செய்து தரக்கூடியதுதான். படகுச் சவாரிக்கு முதல் போடுகிறவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். நடந்து காட்டுகிறவருக்கு முதலீடு ஒரு சோடி நல்ல சப்பாத்து. இரண்டும் ஓடட்டும் என்றால், ஓடட்டும். ஆனால் இயந்திரப் படகுகள் ஐப்பசியிலிருந்து சித்திரை வரை ஆழமற்ற குடாக்களுக்குள் நுழையக்கூடாது என்று அனுமதிப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். ஆழத்தில் ஓட்டட்டும், அங்கே இடம் நிறைய இருக்கிறது.

மீன்பிடிக்கும் அண்ணன்மாருக்கும் சபை வழியாக ஒரு சொல் போய்ச் சேர்ந்தால் நல்லது. கிழிந்த வலைத்துண்டைக் கரையில் விட்டுப்போகாதீர்கள். முங்கிப் பிடிக்கும் பறவை அதில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். நீர்க்காகம் உங்கள் மீனைத் தின்கிறது என்ற கோபம் எனக்குப் புரிகிறது, அந்த வாக்குவாதத்தை ஒரு தேத்தண்ணியோடு வைத்துக்கொள்வோம்.

ஒரு விசயத்தில் நீங்கள் எனக்கு மறுப்புச் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். சேறு ஆபத்தானது. புதைசேற்றிலும் ஆழத்திலும் பிள்ளைகள் உயிரை விட்டிருக்கிறார்கள். குளிக்கும் இடங்களில் படிக்கட்டும், கைபிடிக் கம்பியும், எச்சரிக்கைப் பலகையும் கட்டாயம் வேண்டும். அந்தப் படிக்கட்டு கரையில் ஒரு சின்ன இடத்தைத்தான் பிடிக்கும். அதற்கு எந்தப் பறவை பார்க்கிறவனும் குறுக்கே நிற்கமாட்டான்.

கடைசியாகப் பாடசாலைகள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு பல நாடுகளில் ஒரே காலத்தில் நடக்கிறது. 1987இலிருந்து நடந்துவருகிறது. நம் நீர்த்தேக்கக் கரைப் பாடசாலை ஒன்றின் சுற்றாடல் கழகம் அதில் சேர்ந்து, ஒரே குடாவை வருடா வருடம் எண்ணினால், சில வருடங்களில் உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும். யாராவது வரைபடத்தோடும் காசோடும் வந்து "இங்கே ஒன்றுமே இல்லை, வெறும் சேறு" என்று சொல்லும்போது மேசையில் எடுத்துப் போட அது உதவும். பைனாகுலர் இரண்டு, ஒரு கொப்பி, ஆசிரியருக்கு பஸ் காசு. இதைவிட மலிவான திட்டம் உங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் இருக்காது என்று நினைக்கிறேன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு, உங்களில் யார் வந்தாலும், எந்தக் கட்சியென்றாலும், காசல்ரிக் கரைக்குக் கூட்டிப்போகிறேன். என்னிடம் மேலதிகமாக ஒரு பைனாகுலர் உண்டு. வெள்ளைச் சாரமும் வெள்ளைக் கால்சட்டையும் வேண்டாம். செய்தியாளரைக் கூட்டிவந்தால் அவர் கொஞ்சம் சத்தம்போடாமல் இருக்கட்டும். எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம், கூட்டத்துக்குப் பிந்தாது.

இப்படிக்கு,
காசல்ரிக் கரையில் பறவை பார்க்கும் ஒருவன்